மாடிக்கு மாடி வைஃபை: பழுதைக் காட்டத் தெரிந்தவருக்கே கட்டிடம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் எந்த லேனுக்குள் நுழைந்தாலும் இரண்டு பக்கமும் தொடர்மாடிகள். சில கட்டிடங்களில் வீட்டுக்கு வீடு தனி லைன் எடுப்பதில்லை. கட்டிட உரிமையாளரோ கொமிட்டியோ ஒன்றிரண்டு ஃபைபர் லைன் எடுத்து, மாடிக்கு மாடி மெஷ் நோட் வைத்து, செலவை மாதக் கட்டணத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வாடகை அனெக்ஸ்களிலும் மாணவர் விடுதிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. பொருத்திய ஆள் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளில் முறைப்பாடு தொடங்கும். அந்த முறைப்பாடுதான் உங்கள் சந்தை.

உயர்தரம் எழுதிவிட்டு வேலை தேடுபவருக்கும், கொம்பியூட்டர் கடைக் கவுண்டரில் நின்று அலுத்தவருக்கும், ஐ.டி. டிப்ளோமா கையில் இருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிடப்படாதவருக்கும் இதை எழுதுகிறேன். ஒரு தொடர்மாடியின் வைஃபையைச் சீராக்கிக் காட்டியவருக்கு அதே லேனில் அடுத்த கட்டிடம் கிடைக்கும். அங்கிருந்து கிளினிக், டியூஷன் சென்டர், சிறிய ஹோட்டல். ஆனால் களத்தில் நீங்கள் தனியாக இல்லை. சி.சி.ரி.வி. பொருத்துபவர் இருக்கிறார். யூனிட்டி பிளாசாவில் ரவுட்டர் விற்ற பையன் இருக்கிறார். மூன்றாம் மாடி அங்கிளின் மருமகனும் இருக்கிறார். மூவரும் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது. அவர்களை முந்த உங்களுக்கு ஒரு வழிதான் உண்டு. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அளந்து, எண்ணோடு எழுதிக் காட்ட வேண்டும்.

1. கை வைக்க முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வீடு, எந்த அறை, எத்தனை மணிக்கு? "நெட் வேலை செய்யுதில்லை" என்பவரிடம் இந்த மூன்றையும் வாங்கிப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டின் சாதனத்தையும் சுவரையும் பக்கத்து நோட்டையும் பாருங்கள். ஒரு மாடி முழுக்க என்றால் அந்த மாடிக்குப் போகும் இணைப்பு. கட்டிடம் முழுக்க என்றால் கீழே உள்ள ரவுட்டர் அல்லது கம்பனி லைன். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் என்றால் நெரிசல். இரவு 8 மணிக்கு வெள்ளவத்தையில் முறைப்பாடு குவிவதற்குக் காரணம் உண்டு. அப்போது லண்டனில் பின்னேரம், டொரன்டோவில் காலை. வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் பிள்ளையோடு வீடியோ கோலில் இருப்பார், இன்னொருவர் நாடகம் பார்ப்பார். வீடியோ கோலுக்கு அப்லோட் வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதோ டவுன்லோட் எண். இந்த வித்தியாசத்தைக் கொமிட்டித் தலைவருக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுங்கள். அதன் பிறகு அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

2. பாதையைத் துண்டு துண்டாக அளந்து பாருங்கள். முதலில் கம்பனி தந்த ஃபைபர் பெட்டியில் லப்டொப்பைக் கேபிளால் கொழுவி வேகம் பாருங்கள். அங்கேயே குறைவென்றால் மேல் மாடியில் என்ன செய்தாலும் வீண். அது எஸ்.எல்.ரி. மொபிடெல்லோ டயலொக்கோ பார்க்க வேண்டிய பழுது. அங்கே சரியென்றால் முதல் நோட்டின் பக்கத்தில் நின்று வைஃபையில் அளவிடுங்கள். பிறகு முறைப்பாடு வந்த மாடி. பிறகு அந்த அறை. வேகம் எந்த இடத்தில் விழுகிறதோ பழுது அங்கே.

வேகத்தோடு பிங்கையும் பாருங்கள். ரவுட்டரை பிங் பண்ணினால் கேபிளில் ஓரிரு மில்லி செக்கனும், நல்ல வைஃபையில் பத்துக்குள்ளேயும் பதில் வர வேண்டும். உள்ளேயே நூறு, இருநூறு என்று துள்ளினால் கம்பனியைத் திட்டிப் பயனில்லை. உள்ளே சுத்தமாக இருந்து, வெளியே 8.8.8.8க்குப் போகும்போது மட்டும் துள்ளினால் லைன் பக்கம் திரும்புங்கள். இன்னொரு சோதனையை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை: பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீட் டெஸ்டையும் ஓட விடுங்கள். 20 மில்லி செக்கனில் இருந்த பிங் 500க்குத் தாவினால் ரவுட்டருக்குள் டேட்டா வரிசை கட்டி நிற்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். குரல் அழைப்புக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி செக்கனைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஒரு வீட்டில் யாரோ பெரிய ஃபைல் ஏற்றும்போது மற்ற வீடுகளில் கோல் உடைவது இதனால்தான். நல்ல ரவுட்டர்களில் எஃப்.கியூ. கோடெல் என்ற வசதி இருக்கும். 2018இல் ஆர்.எஃப்.சி. 8290 ஆக வெளியானது. லைன் வேகத்தில் ஏறத்தாழ 90 வீதத்தை எல்லையாக வைத்து அதை ஓன் பண்ணுங்கள். பெரிய பக்கேஜ் வாங்காமலே இரவு கோல்கள் தெளிவாகும். வாடிக்கையாளருக்கு மாதாமாதம் காசு மிச்சப்படுத்திக் கொடுத்தவரை அவர் இலகுவில் மாற்றமாட்டார்.

ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: 94. ஸ்பீட் டெஸ்ட் எத்தனை தரம் ஓடினாலும் 94 எம்.பி.பி.எஸ்.இலேயே முட்டி நின்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும். ஒரு சோடி அறுந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடும், கையில் கிடைப்பது 94 அளவுதான். ஒரு புது ஜக் அடித்து முடிக்க வேண்டிய வேலைக்கு புது ரவுட்டர் வாங்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விட்ட வாடிக்கையாளர் உங்களுக்கு.

3. கட்டிடத்தைப் படியுங்கள். கொங்கிரீட் தட்டு சிக்னலைத் தின்னும். 5 கிகாஹெர்ட்ஸை 2.4ஐ விட அதிகமாகத் தின்னும். லிஃப்ட் குழி, பெரிய கண்ணாடி பதித்த அலுமாரி, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றுக்குப் பின்னால் நோட் வைத்தால் காசு போச்சு. கொட்டாஞ்சேனையில் கதை வேறு. ஜம்பட்டா வீதிப் பக்கம் பழைய கட்டிடங்களில் செங்கல் சுவர் தடிப்பம், கீழே கடை, மேலே குடித்தனம். ஒரு வீட்டைப் பலகை அடித்து இரண்டாக்கியிருப்பார்கள். கீழே சாப்பாட்டுக் கடையில் மைக்ரோவேவ் ஓடினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் தடுமாறும். கடற்கரைப் பக்கக் கட்டிடங்களில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. பல்கனியிலும் மொட்டை மாடியிலும் திறந்து கிடக்கும் ஜக்கின் செப்பு கருகிப் பச்சை பிடிக்கும். பழுது வந்து வந்து போகும். மரைன் டிரைவ் பக்கம் போனால் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது அந்த ஜக்கைத்தான்.

அளவுகோல் இது: படுக்கையறையில் மைனஸ் 67 டி.பி.எம். அல்லது அதைவிட நல்ல எண் இருந்தால் வீடியோ கோல் ஓடும். மைனஸ் 75 போனால் இழுக்கும். மைனஸ் 80இல் நம்பிக்கை வைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி இலவசம். ஐபோன் வைத்திருப்பவர் எயார்போர்ட் யூட்டிலிட்டியில் ஸ்கேனரை ஓன் பண்ணலாம்.

சிக்னலே இல்லாத அறைக்குள் நோட்டைக் கொண்டுபோய் வைப்பது பழகிப்போன தப்பு. அந்த நோட்டுக்கே சிக்னல் கிடைக்காதபோது அது யாருக்குக் கொடுக்கும்? நல்ல சிக்னலுக்கும் செத்த அறைக்கும் நடுவில் வையுங்கள். நோட்டிலிருந்து நோட்டுக்கு ஒரே ரேடியோவில் தாவும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகும். நான்காம் மாடிக்கு மூன்று தாவலில் போனால் எட்டில் ஒன்று. ஆகவே மாடிகளுக்கு நடுவில் கேபிள் இழுங்கள். படிக்கட்டுக் குழாயில் இடம் இருக்கிறதா, லிஃப்ட் பக்கத்து மின்சார டக்டில் போகலாமா என்று முதல் நாளே பாருங்கள். கட்-6 கேபிளில் தூய செப்பு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செப்புப் பூசிய மலிவு கேபிளில் மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் சூடாகும், வோல்டேஜ் விழும். மலிவு என்று சொல்லி விற்பவரிடம் வாங்கினால் மூன்று மாதம் கழித்து முறைப்பாட்டுக்குப் போவது நீங்கள்தான்.

சிக்னல் இணைப்புகள் எப்படி நடந்துகொள்ளும் என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. மாணவர்கள் கேம்பிரிட்ஜ் நகரத்து வீட்டுக் கூரைகளில் ரூஃப்நெட் என்று ஒரு மெஷ் கட்டினார்கள். 2004இல் அவர்கள் வெளியிட்ட அளவீட்டில் ஒரு விசயம் தெளிவானது: பெரும்பாலான இணைப்புகள் நல்லதாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை. இடையில் தொங்கிக்கொண்டு பக்கெட்டுகளை அங்கங்கே தொலைத்தன. தூரத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளுக்கும் அதில் பங்கு இருந்தது. அடுத்த ஆண்டு அறிக்கையில் 37 நோட்டுகளுக்குச் சராசரியாகக் கிடைத்தது 627 கிலோபிட். இன்றைய கருவிகள் வேகமானவை. ஆனால் சுவரின் குணம் மாறவில்லை. "பச்சை லைட் எரியுது, அப்ப சரி" என்று கிளம்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பிங் ஓடவிட்டு எத்தனை தொலைந்தது என்று பாருங்கள்.

4. காற்று எல்லோருக்கும் பொது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். ஒரு தொடர்மாடியின் நடு மாடியில் ஸ்கேன் பண்ணினால் பக்கத்துக் கட்டிடங்களின் நெட்வேர்க்குகளும் வரிசையாகத் தெரியும். கனமான வேலையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4ஐ ப்ளக், கமரா, பழைய போன்களுக்கு விட்டுவிடுங்கள். நெட்வேர்க் பெயர்களைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு பெயரும் செக்கனுக்குப் பத்துத் தரம் அளவில் மிக மெதுவான வேகத்தில் "நான் இருக்கிறேன்" என்று கத்தும். மூன்றைத் தாண்டினால் காற்றை அந்தக் கத்தலே நிரப்பும். 11 எம்.பி.பி.எஸ்.க்குக் கீழே உள்ள பழைய 1999 காலத்து வேகங்களை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, நோட்டுகளின் பலத்தைக் குறையுங்கள். இதைக் கேட்டால் வாடிக்கையாளர் முறைப்பார். எந்த நோட்டில் ஒட்டுவது என்பதை முடிவெடுப்பது போன்தான், நோட் இல்லை. கீழ் மாடி நோட் கத்திக்கொண்டே இருந்தால் நான்காம் மாடிக்குப் போன பிறகும் போன் பழைய நோட்டை விடாது. பலத்தைக் குறைத்தால் போன் தானாக மாறும். 802.11கே, வி, ஆர் என்ற மூன்று வசதிகள் மாறுவதற்கு உதவும். ஆனால் பழைய ஸ்மார்ட் ரி.வி. ஒன்று ஆர் வசதியைக் கண்டு இணையாமலே போகலாம். அப்படியானால் அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள்.

வீட்டுக்கென்று செய்த மூன்று பெட்டி மெஷ் செட்டை முழுக் கட்டிடத்துக்கும் போட வேண்டாம். ஈரோ 2016இல் வந்தது, டெகோ அதற்கடுத்த ஆண்டு. இரண்டும் ஒரு வீட்டுக்காரரை மனதில் வைத்துச் செய்தவை. பெரும்பாலும் எல்லாப் பெட்டியும் ஒரே சனலில் உட்கார்ந்து ஒன்றையொன்று மறிக்கும். சனலையும் பலத்தையும் தனித்தனியாக மாற்ற விடாது. பத்துப் பன்னிரண்டு வீட்டைத் தாண்டினால் கேபிளில் ஓடும், ஒரே கொன்ட்ரோலரில் கட்டுப்படும் எக்சஸ் பொயின்டுகளுக்கு மாறச் சொல்லுங்கள். கொமிட்டி முதலில் தயங்கும். முதலில் ஒரு மாடியை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் எடுத்த எண்களைக் காட்டுங்கள்.

5. முகவரிப் பழுதைக் கண்டுபிடிப்பவர் தலை நிமிர்ந்து நடக்கலாம். சிக்னல் முழுசாக இருக்கும், நெட் இருக்காது. பெரும்பாலான போட்டியாளர்கள் இங்கே தோற்பார்கள். கணக்குப் பாருங்கள். 24 வீடு, வீட்டுக்கு போன், லப்டொப், ரி.வி., கமரா என்று 10 சாதனம். 240. சாதாரண ரவுட்டரில் இருப்பது 254 முகவரி. சில ரவுட்டர்களில் முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. அதில் 100ஐத்தான் திறந்து வைத்திருக்கும். விருந்தாளிகள் வந்த ஞாயிற்றுக்கிழமை முகவரி தீர்ந்துபோகும். கடைசியாக வந்தவருக்குக் கிடைக்காது. லப்டொப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் இதுதான் நோய். நெட்வேர்க் முகமூடியை 255.255.252.0 ஆக்கினால் 1022 முகவரி கிடைக்கும். விருந்தாளி நெட்வேர்க்கில் முகவரி வைத்திருக்கும் காலத்தை ஒரு நாளிலிருந்து ஓரிரு மணியாகக் குறையுங்கள்.

இரண்டாவது நோய், திருட்டு ரவுட்டர். புதிதாகக் குடிவந்தவர் தன் பழைய ரவுட்டரைச் சுவர் சொக்கட்டில் தவறான துளையில் கொழுவுகிறார். அதுவும் டி.எச்.சி.பி. கொடுக்கத் தொடங்கும். மாடியில் பாதிப் பேருக்கு நெட், மீதிப் பேருக்கு இல்லை. நெட் இல்லாத லப்டொப்பில் கேட்வே எண்ணைப் பாருங்கள். உங்கள் ரவுட்டரின் எண்ணாக இல்லாவிட்டால் ஆள் பிடிபட்டார். ஏ.ஆர்.பி. பட்டியலில் அதன் மேக் முகவரியை எடுத்து, சுவிட்சில் எந்தத் துளையில் இருந்து வருகிறது என்று தேடினால் வீடே தெரியும். அடுத்த தரம் நடக்காமல் இருக்க டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்கை ஓன் பண்ணுங்கள்.

மூன்றாவது, இரட்டை என்.ஏ.ரி. ஃபைபர் பெட்டியும் ரவுட்டர், மெஷ்ஷும் ரவுட்டர் என்று இரண்டு பேரும் வாசலில் நிற்பார்கள். கேமும் வீட்டுக் கமராவும் முரண்டு பிடிக்கும். மெஷ்ஷை எக்சஸ் பொயின்ட் முறையில் போடுங்கள், அல்லது ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் பண்ணக் கேளுங்கள். நான்காவது, லூப். சுவிட்சில் எல்லா லைட்டும் ஒரே அடியாகப் பறந்தால் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சுக்குள் கொழுவியிருக்கிறார். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். லைட் அடங்கியதும் அந்தக் கேபிளுக்கு ஒரு சிவப்பு டேப்.

ஒவ்வொரு வீட்டையும் மற்ற வீட்டிலிருந்து பிரித்து வையுங்கள். கிளையன்ட் ஐசொலேஷன், முடிந்தால் வீட்டுக்கு ஒரு வீ.லான். ஆறாம் மாடிப் பிரின்டர் இரண்டாம் மாடிப் பையனின் போனில் தெரிந்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

6. கரண்ட் போய் வரும் நாட்டில் வேலை செய்கிறீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. மாடிக்கு மாடி தனித்தனி பவர் ப்ளக்கில் நோட் போட்டால் மாடிக்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும். கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. சுவிட்ச் போட்டால் கீழே ஒரே யு.பி.எஸ். போதும். ஒரு பெட்டி 12 வாட் இழுத்தால் எட்டுக்கு 96 வாட். அந்தக் கணக்கைக் கொட்டேஷனில் எழுதுங்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் கோல் வரும்: "5 ஜி. வைஃபை காணோம்". சில 5 கிகாஹெர்ட்ஸ் சனல்களில் ராடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 செக்கன் கேட்டுவிட்டுத்தான் நோட் பேசத் தொடங்கும். இதை முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பாதிக் கோல்கள் நின்றுவிடும். முதலில் ஃபைபர் பெட்டி, அது நிலைப்பட்டதும் ரவுட்டர், கடைசியாக நோட்டுகள் என்ற வரிசையைக் காவலாளிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும்.

7. ஆட்களைக் கையாளத் தெரியாதவருக்கு அடுத்த கட்டிடம் கிடைக்காது. காவலாளியோடு தொடங்குங்கள். கரண்ட் எப்போது போனது, புதிதாக யார் குடிவந்தார், மொட்டை மாடிச் சாவி யாரிடம் என்று அவருக்குத் தெரியும். "லயிட் கியே கீயட்டத?" (கரண்ட் எத்தனை மணிக்குப் போனது?) என்று சிங்களத்தில் கேட்கத் தெரிந்திருப்பது இந்த ஊரில் ஒரு திறமை. கொமிட்டித் தலைவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்க ரிப்போர்ட். வீட்டு அன்ரிக்கு தமிழில் இரண்டு வசனம். மூன்று பாஷையிலும் வேலையை விளக்குபவருக்கு எதிரே ஒரு பாஷைக்காரர் நிற்க முடியாது.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டுக்குள் போக முன் காவலாளியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்தில் ஜும்ஆ இருக்கிறது, மாலையில் கோயில் இருக்கிறது. அந்த நேரங்களில் கதவைத் தட்டாதீர்கள். துளை போட்ட தூசியை நீங்களே துடையுங்கள். ஒவ்வொரு கேபிளிலும் லேபல் ஒட்டுங்கள். முன்பு வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லாதீர்கள். அவர் கொமிட்டித் தலைவரின் சொந்தக்காரராக இருப்பதற்கு நிறையச் சாத்தியம் உண்டு. வீட்டுக்காரர் உங்களை "தம்பி" என்றாலும் நீங்கள் "ஐயா", "அங்கிள்" என்றே கதையுங்கள். பில் கொடுக்கும் நேரத்திலும் அதே குரல்.

8. சட்டத்தைத் தெரிந்து வையுங்கள். ஒரு கட்டிடத்தின் வைஃபை உங்கள் கையில் இருந்தால் யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்பதன் தடயமும் உங்கள் கையில் இருக்கும். அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் வருவார்கள்: மனைவி கணவனைப் பற்றி, அப்பா மகளைப் பற்றி, வீட்டுக்காரர் வாடகைக்காரரைப் பற்றி. மறுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வேலை தொடங்க முன் யார் அட்மின், யாரிடம் பாஸ்வேர்ட், லொக் எத்தனை நாள் வைப்பது என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். லைனைப் பல வீட்டுக்குப் பகிர கம்பனி ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்றும் வாசித்துப் பாருங்கள். கொடுக்காவிட்டால் அதை முதலில் நீங்களே சொல்லுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இல்லாத கருவியை மலிவு என்று கொண்டுவராதீர்கள்.

9. காசு. கருவிக்கு உங்கள் கையிலிருந்து முற்பணம் போடாதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அப்போது பழைய விலையில் கொட்டேஷன் கொடுத்தவர்கள் நட்டத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். கொட்டேஷனில் "ஏழு நாள் செல்லும்" என்று எழுதுங்கள். கருவி விலை தனி, கூலி தனி, கேபிள் மீட்டர் தனி. பரிசோதனைக்கு ஒரு கட்டணம் வையுங்கள். இலவசமாகப் பார்த்துச் சொன்னால் உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலிவான ஆளைத் தேடுவார்கள். பிறகு மாதப் பராமரிப்பு ஒப்பந்தம்: மாதத்துக்கு இரண்டு வருகை, எத்தனை மணிக்குள் பதில், எது அடங்கும், எது அடங்காது. குடிவந்தவரின் சொந்த ரி.வி.யைச் சரிபார்ப்பது அடங்காது என்று எழுத மறந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுவே வேலையாகும்.

10. கட்டிடத்திலிருந்து கம்பனிக்கு. ரூஃப்நெட்டில் வேலை செய்த சஞ்சித் பிஸ்வாஸும் ஜோன் பிக்கெட்டும் அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு 2006இல் மெராகி என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். 2012இல் சிஸ்கோ அதை 120 கோடி டொலருக்கு வாங்கியது. மெஷ் கட்டிய கதை நம் நாட்டிலும் இருக்கிறது: அனுராதபுரம் மாவட்டத்தின் மகாவிலச்சியவில் வீடுகளை வைஃபை மெஷ்ஷால் இணைத்தார்கள். நீங்கள் சிஸ்கோவுக்கு விற்க வேண்டியதில்லை. ஒரு கம்பனி நெட்வேர்க் வேலைக்குப் போவதற்கு இந்தக் கட்டிடங்கள் போதும், சான்றிதழ் ஒன்றும் சேர்ந்தால்.

சி.சி.என்.ஏ. 200-301 பரீட்சையை எழுதுங்கள். அதில் வீ.லான், டி.எச்.சி.பி., வைஃபை எல்லாம் வரும். நீங்கள் கையால் தொட்டவை. மைக்ரோடிக் கருவி அதிகம் பார்க்கிறீர்கள் என்றால் எம்.ரி.சி.என்.ஏ.வும் பிரயோசனம். சான்றிதழுக்குக் காசு இல்லாதவர் என்.வி.கியூ. வழியைப் பாருங்கள். வேலை செய்த அனுபவத்தையும் மதிப்பிட்டுத் தருவார்கள். சி.வி.யில் "வைஃபை தெரியும்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "24 வீட்டுக் கட்டிடத்தில் முகவரித் தட்டுப்பாட்டைக் கண்டுபிடித்து, நெட்வேர்க்கை விரித்து, இரவு நேர பிங்கை 400 மில்லி செக்கனிலிருந்து 40க்குக் கொண்டுவந்தேன்" என்பதுபோல உங்கள் சொந்த எண்ணை எழுதுங்கள். பொய் எண் வேண்டாம். நேர்முகத்தில் மூன்றாவது கேள்வியிலேயே பிடிபடும்.

நேர்முகத்துக்குப் போகும்போது ஒரு கட்டிடத்தின் வரைபடத்தைக் கொண்டுபோங்கள். மாடி வாரியாக நோட், சனல், பலம், கேபிள் பாதை, முன் எண், பின் எண். கட்டிடத்தின் பெயர், வீட்டு இலக்கம், பாஸ்வேர்ட் எதுவும் அதில் இருக்கக் கூடாது. மனேஜர் விரலால் ஒரு மாடியைக் காட்டி "இதை ஏன் சனல் 11இல் போட்டீர்கள்?" என்று கேட்பார். அன்றைய ஸ்கேன் படத்தைப் போனில் திறந்து காட்டுங்கள்.